சைபர் பாதுகாப்பை விளையாட்டாக்கிய பயிற்சி: மூன்று வருஷ அனுபவம்

வாளையாறு தாண்டி பாலக்காடு போகிற வழியில், கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பர்சேஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆபீஸில் சைபர் பாதுகாப்புப் பயிற்சியை விளையாட்டாக மாற்றி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் கம்பெனியிலும் இதைக் கொண்டுவரும் பேச்சு இருந்தால் இந்த அனுபவம் உதவும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டுக்குப் பலன் உண்டு. ஆனால் எதற்குப் பாயிண்ட் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பலன். போலி மெயிலில் ஏமாறாமல் இருப்பதற்குப் பாயிண்ட் கொடுத்தவரை எங்களிடம் பெரிய மாற்றம் இல்லை. சந்தேகம் வந்ததும் உடனே சொல்வதற்குப் பாயிண்ட் என்று மாற்றிய பிறகுதான் ஜனங்கள் மெயிலை நிதானித்துப் படிக்க ஆரம்பித்தார்கள்.

முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒரு வீடியோ, கடைசியில் சில கேள்விகள். யாராவது விடைகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள், எல்லோரும் பாஸ். புதுப் பயிற்சியில் வாரம் ஒரு சின்ன ஆட்டம், டீ குடிக்கும் நேரத்தில் முடித்துவிடலாம். இன்பாக்ஸ் போலவே ஒரு திரை வரும், அதில் எது நிஜம், எது போலி என்று பிரிக்க வேண்டும். இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2007-லேயே ‘ஆன்டி-ஃபிஷிங் ஃபில்’ என்று ஒரு விளையாட்டு செய்தார்கள். ஒரு குட்டி மீன், அதன் முன்னால் புழுக்கள். ஒவ்வொரு புழுவும் ஒரு இணைய முகவரி. நல்லதைத் தின்ன வேண்டும், தூண்டிலில் மாட்டியதை விட்டுவிட வேண்டும். ஆடியவர்கள் போலித் தளங்களை முன்பைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். எங்கள் பயிற்சியிலும் இந்தப் பகுதியில் எனக்குக் குறையில்லை. முகவரியை வலமிருந்து இடமாகப் படிக்கும் பழக்கம் அங்கேதான் எனக்கு வந்தது.

குறை லீடர்போர்டில் இருந்தது. கேன்டீன் டிவியில் எல்லோர் பெயரும் வரிசையாக ஓடும். மேலே எப்போதும் ஐ.டி. பிரிவும் இளம் இன்ஜினியர்களும்தான். டிஸ்பாட்சில் ஒரு அக்கா இருக்கிறார், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழி. எந்த லாரி எங்கே நிற்கிறது, எந்த பில்லில் என்ன தப்பு என்று பார்க்காமலே சொல்லக்கூடியவர். ஆட்டமோ ஆங்கிலத்தில், மேலே கடிகாரம் வேறு ஓடும். அவர் பெயர் மாதாமாதம் அடியில் கிடந்தது. ஒரு கட்டத்தில் அவர் ஆட்டத்தைத் திறப்பதையே விட்டுவிட்டார். எங்களைச் சோதிக்கக் கம்பெனியே அவ்வப்போது போலி மெயில் அனுப்பும். அந்தச் சோதனை மெயிலில் லிங்கைத் தொட்டவர்களுக்குப் பாயிண்ட் குறையும் என்பதால், தொட்டவர்கள் வாயே திறப்பதில்லை. நிஜ மோசடி வந்தாலும் இப்படித்தானே மறைப்பார்கள் என்ற பயம் எனக்கு அப்போதே வந்தது.

அப்படி மறைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரிசானின் 2024 அறிக்கைப்படி, போலி மெயிலைத் திறப்பவர் லிங்கைத் தொட எடுத்துக்கொள்ளும் இடைநிலை நேரம் 21 வினாடி. தன் விவரங்களைத் தட்டச்சு செய்ய இன்னும் 28 வினாடி. ஒரு நிமிஷம்கூட இல்லை. யாரோ ஒருவர் என்றாவது அவசரத்தில் தொடத்தான் செய்வார். அதற்கப்புறம் எத்தனை சீக்கிரம் வெளியே சொல்கிறார் என்பதில்தான் பாஸ்வேர்டை மாற்றுவதும், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடித்துப் பணத்தை முடக்கப் பார்ப்பதும் இருக்கிறது. பெரிய சம்பவம் என்றால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 முதல் விதியே இருக்கிறது. ஊழியர் பயந்து இரண்டு நாள் மூடி வைத்தால் கம்பெனி எதைத் தெரிவிக்கும்?

இதைவிட வருத்தமானது ஓணத்துக்கு முந்தைய வாரம் வந்த சோதனை மெயில். ‘உங்கள் ஓணம் போனஸ் விவரம்’ என்று தலைப்பு. கேரளத்தில் ஓணம் போனஸ் என்பது எத்தனை வீட்டுக்குத் துணி, எத்தனை வீட்டுக்குக் கடன் தவணை என்று அனுப்பியவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆசையாகத் திறந்தவர்களுக்கு ‘நீங்கள் தோற்றுவிட்டீர்கள்’ என்று சிவப்பில் ஒரு பக்கம் வந்தது. மலையாளி சேச்சி ஒருவர் அன்று மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். இணைய முகவரி விற்கும் அமெரிக்காவின் கோடாடி நிறுவனமும் 2020 டிசம்பரில் 650 டாலர் போனஸ் என்று சோதனை மெயில் அனுப்பி, கண்டனம் எழுந்து, மன்னிப்புக் கேட்டது. திருடர்கள் இரக்கம் பார்க்க மாட்டார்கள் என்று இதற்கு வாதம் சொல்கிறார்கள். திருடன் பார்க்காவிட்டால் போகட்டும், சம்பளம் கொடுப்பவர் பார்க்க வேண்டும். அந்த மெயிலுக்கப்புறம் ஹெச்.ஆர். அனுப்பிய நிஜ மெயிலைக்கூட ஒருவரும் சீக்கிரம் திறக்கவில்லை.

அந்தக் கசப்புக்குப் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். தனிநபர் வரிசை போனது, பிரிவுக்குப் பிரிவு போட்டி வந்தது. சந்தேக மெயிலை ரிப்போர்ட் பட்டனில் அனுப்பினால் பிரிவுக்குப் பாயிண்ட். லிங்கைத் தொட்டுவிட்டு உடனே ஒப்புக்கொண்டாலும் பாயிண்ட். முதலில் பாயிண்ட்டுக்காகக் கண்ட மெயிலையும் அனுப்பினார்கள், ஐ.டி. பிரிவு திணறியது. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே ‘இது போலி, காரணம் இது’ என்று இரண்டு வரி பதில் போட ஆரம்பித்தார்கள். கேள்வித்தாளில் கற்றதைவிட அந்த இரண்டு வரியில் நாங்கள் கற்றது அதிகம்.

ஒரு நாள் அக்கவுன்ட்ஸுக்கு ஒரு மெயில். கோயம்புத்தூர் சப்ளையர் ஒருவருடன் நடந்த பழைய மெயில் தொடருக்கு நடுவிலேயே வந்தது. அதே கையெழுத்துப் பகுதி, அதே பில் எண். வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இன்றைய பணத்தைப் புதுக் கணக்கில் போடுங்கள் என்று கேட்டிருந்தது. அங்கிருந்த தம்பிக்கு லேசாகச் சந்தேகம். எழுந்து டிஸ்பாட்சுக்கு வந்து, “அக்கா, இவங்க கணக்கு மாத்தியிருக்காங்களா?” என்று கேட்டான். “அந்த முதலாளி பண விஷயத்தை மெயில்ல பேசவே மாட்டாரே, போன்தான் பண்ணுவார்” என்றார் அக்கா. பழைய பில்லில் இருந்த நம்பருக்கு அக்காவே கூப்பிட்டார். அவர்கள் கணக்கு எதையும் மாற்றவில்லை. பிறகு மெயில் முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கம்பெனி பெயரில் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போட்டிருந்தார்கள். சின்ன எழுத்தில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்த மாதம் டிஸ்பாட்சும் அக்கவுன்ட்ஸும் பாயிண்ட்டைப் பங்கு போட்டுக்கொண்டன. லீடர்போர்டில் அடியில் கிடந்தவரின் அனுபவம்தான் பணத்தைக் காப்பாற்றியது என்பதை மேனேஜ்மென்டும் பார்த்தது.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் நிற்கின்றன. சான் டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனை ஊழியர்கள் 19,500 பேருக்கு மேல் வைத்து எட்டு மாதம் நடத்திய ஆய்வு 2025-ல் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட 1.7 சதவீதம்தான் குறைவாக ஏமாந்தார்கள். சுவிட்சர்லாந்தில் சூரிச்சின் இ.டி.ஹெச். பல்கலைக்கழகத்தார் ஒரு பெரிய கம்பெனியின் 14,000-க்கும் அதிகமான ஊழியர்களை 15 மாதம் கவனித்தார்கள். ஏமாந்தவுடன் காட்டப்படும் பயிற்சிப் பக்கம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஊழியர்களே ரிப்போர்ட் செய்யும் முறையோ சோர்வில்லாமல் நீடித்து, புது மோசடிகளைச் சீக்கிரமே பிடித்துக் கொடுத்தது. பயிற்சியை விற்க வருபவர் ‘எத்தனை பேர் ஏமாறுவது குறையும்’ என்று மட்டும் பேசினால், ‘ரிப்போர்ட் எவ்வளவு கூடும், பதில் யார் போடுவார்கள்’ என்று கேளுங்கள்.

இன்னும் தீராத விஷயங்களும் உண்டு. பயிற்சியோடு வந்த மாதிரி மெயில்களில் பாதி நமக்குச் சம்பந்தமில்லாதவை, அமெரிக்க வருமான வரி, தெரியாத கூரியர் கம்பெனி என்று. நாங்களே எழுதிக் கொடுத்தவைதான் நன்றாக வேலை செய்தன. சரக்கு லாரியோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டுதான் இ-வே பில். ‘உங்கள் இ-வே பில் காலாவதியாகப் போகிறது, நீட்டிக்க இங்கே அழுத்துங்கள்’ என்ற மெயிலுக்கு டிஸ்பாட்ச் முழுக்கப் பரபரத்தது. சரக்கு 200 கிலோமீட்டர் போக ஒரு நாள்தான் கணக்கு என்பதால் அங்கே அவசரம் எப்போதும் நிஜம். வாட்ஸ்அப்பில் இ-சலான் (போக்குவரத்து அபராதம்) என்று வரும் ஏபிகே ஃபைல் (போனில் ஆப் நிறுவும் ஃபைல்), மின்சாரம் இன்றிரவு துண்டிக்கப்படும் என்ற மெசேஜ் இவையெல்லாம் போனுக்குத்தான் வருகின்றன. ஆட்டமோ மெயிலோடு நின்றுவிடுகிறது. 2023-ல் கோழிக்கோட்டில் ஒருவர், பழைய சக ஊழியரின் முகத்தோடு வந்த போலி வீடியோ அழைப்பை நம்பி 40,000 ரூபாய் அனுப்பினார். அந்த மாதிரி அழைப்புக்கு எங்கள் பயிற்சியில் ஒரு பாடம்கூட இல்லை.

பயிற்சியின் சந்தாவைப் புதுப்பிக்கும் நேரம் இது. என்னிடம் கருத்து கேட்டார்கள், தொடருங்கள் என்றே எழுதிக் கொடுத்தேன். கூடவே மூன்று கேட்டிருக்கிறேன். மலையாளப் பாடங்கள் வந்துவிட்டன, தமிழிலும் வேண்டும். கடிகாரத்தை எடுத்துவிட வேண்டும். கேட்டிலும் ஸ்டோர்ஸிலும் நாலைந்து பேருக்குப் பொதுவாக ஒரே லாகின் இருக்கிறது. அவர்களுக்கு வரும் மெசேஜை யாரிடம் காட்டுவது என்று இன்றுவரை ஏற்பாடு இல்லை. அவர்கள் போனிலிருந்தே படம் எடுத்து அனுப்ப ஒரு நம்பர் தர வேண்டும், அதற்கும் அதே பாயிண்ட், அன்றைக்கே பதில். முதல் இரண்டுக்கும் சரி என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதைப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். நான் விடுவதாக இல்லை.