பத்து லாட்டரிச் சீட்டு: செட்டாகவா, கலந்தா?

எல்லை தாண்டி ஆரியங்காவுக்கோ வாளையாருக்கோ போய்க் கேரள லாட்டரி எடுப்பவர்களுக்குக் கடை முன் வரும் குழப்பம் இது. வாராந்திரச் சீட்டு 50 ரூபாய், கையில் 500.

செட்: பத்திலும் கடைசி நான்கு இலக்கம் ஒன்றே.
கலவை: பத்தும் வேறு வேறு.

சின்னப் பரிசுகள் கடைசி நான்கு இலக்கத்துக்கே விழுகின்றன. செட்டில் அந்த எண் வந்தால் 500 ரூபாய் பரிசு 5,000 ஆகிவிடும். கலவையில் ஏதாவது ஒன்று விழும் வாய்ப்பு ஏறக்குறைய பத்து மடங்கு, ஆனால் கிடைப்பது ஒரு சீட்டுப் பணம்தான். சராசரி வரவு இரண்டிலும் ஒன்றே. அதுவும் போட்ட பணத்துக்குக் குறைவு. 'செட்டா எடுங்க அண்ணாச்சி, அடிச்சா மொத்தமா அடிக்கும்' என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. அடிக்காதபோதும் மொத்தமாகத்தான்!

முதல் பரிசுக்கு? பத்துச் சீட்டு, பத்து வாய்ப்பு. வித்தியாசமில்லை.

சரி, எதை எடுப்பது? எப்போதாவது எடுத்து, வந்தால் பெரிதாக வரட்டும் என்பவருக்குச் செட். அவ்வப்போது ஏதாவது விழுந்தால் போதும் என்பவருக்குக் கலவை. கடனை அடைக்க நினைப்பவருக்கு இரண்டும் ஆகாது.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. தமிழக எல்லையிலுள்ள புளியரைக்கு இந்தப் பக்கம் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.