சிப்பின் ஒரு பிளாக்கை மட்டும் ரீசெட் செய்வது: கேட்டுவிட்டு நிறுத்துவதா, கதவை அடைப்பதா?

சிப்புக்குள் ஒரு டிஎம்ஏ பிளாக், அதாவது ப்ராசஸர் தலையிடாமல் மெமரியோடு டேட்டாவை நகர்த்தும் பகுதி, மாட்டிக்கொண்டு நிற்கிறது. நெட்வொர்க், டிஸ்ப்ளே, ப்ராசஸர் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. முழு சிப்பையும் ரீசெட் செய்தால் ஓடுகிற எல்லாமே போய்விடும். சரி, டிஎம்ஏவை மட்டும் ரீசெட் செய்வோம் என்று ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை எழுதுகிறோம். அடுத்த சில மைக்ரோசெகண்டில் சிப் மொத்தமும் உறைந்துபோகிறது, கடைசியில் வாட்ச்டாக் (சிப் உறைந்தால் அதை முழுதாக ரீசெட் செய்யும் டைமர்) வந்துதான் எழுப்புகிறது. எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே நடந்துவிடுகிறது.

காரணம் பஸ்ஸில், அதாவது பிளாக்குகள் டேட்டா பரிமாறும் பொதுப் பாதையில், இருக்கிறது. ஆர்ம் நிறுவனம் வரையறுத்த ஏஎக்ஸ்ஐ பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். டிஎம்ஏ 16 பீட் (ஒரு பீட் என்பது ஒரு தடவையில் போகும் டேட்டா) கொண்ட ஒரு ரைட் பர்ஸ்ட்டை, அதாவது முகவரியை ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடர்ச்சியாக எழுதும் தொகுப்பை, தொடங்கிவிட்டது. முகவரி போய்ச் சேர்ந்துவிட்டது, 7 பீட் டேட்டாவும் போய்விட்டது. அந்த நேரத்தில் ரீசெட் விழுகிறது. டிஎம்ஏ எல்லாவற்றையும் மறந்துவிடும், ஆனால் பிளாக்குகளை இணைக்கும் இன்டர்கனெக்ட் மறக்காது. மீதி 9 பீட் வரும் என்று அது காத்திருக்கும். ஏஎக்ஸ்ஐயில் தொடங்கிய பர்ஸ்ட்டைப் பாதியில் முடிக்க விதியே இல்லை. அதே மெமரி போர்ட்டுக்கு ப்ராசஸர் அனுப்பிய ரைட் பின்னால் வரிசையில் நிற்கும், முன்னால் இருப்பது நகராததால் இதுவும் நகராது.

ரீட் பக்கம் இன்னும் மோசம். டிஎம்ஏ ஒரு ரீட் கேட்டிருக்கிறது, பதில் வருவதற்குள் ரீசெட் ஆகி எழுந்துவிட்டது. எழுந்ததும் அதே ஐடியில் (எந்தக் கேள்விக்கான பதில் என்று காட்டும் எண்) புதிதாக ஒரு ரீட் கேட்கிறது. வழியில் இருந்த பழைய பதில் முதலில் வந்து சேர்கிறது. டிஎம்ஏ அதைப் புதிய கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்ளும். உறைந்துபோனால் எங்கேயோ கோளாறு என்றாவது தெரியும். இங்கே எரரே வராது, தப்பான டேட்டாவோடு வேலை தொடர்ந்து நடக்கும்.

ஆக, பிளாக் பஸ்ஸில் வைத்துவிட்டுப் போன கடனை யார் அடைப்பது என்பதுதான் கேள்வி. வழிகள் அதில்தான் வேறுபடுகின்றன.

முதல் வழியில் பிளாக்கே அடைத்துவிட்டுப் போகும். "நிறுத்தப்போகிறேன், தயாரா?" என்று அதனிடம் கேட்கிறோம். அது புதிதாக எதையும் அனுப்பாமல், நிலுவையில் இருப்பதை முடித்துவிட்டு, "தயார்" என்கிறது. பிறகே ரீசெட். ஆர்ம் வரையறுத்த க்யூ-சேனல் இந்தப் பேச்சுக்கே பயன்படுகிறது: ஒரு கோரிக்கை, அதற்குச் சம்மதம் அல்லது மறுப்பு. ஹார்டுவேர் செலவு குறைவு, டேட்டா எதுவும் கெடாது. பவர் மிச்சத்துக்காக ஒரு பிளாக்கை அணைத்து எழுப்பும்போது இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் நாம் ரீசெட் செய்ய நினைத்ததே பிளாக் மாட்டிக்கொண்டதால். மாட்டிக்கொண்ட பிளாக் பதில் சொல்லாது. மறுப்பு வந்தாலாவது முடிவெடுக்கலாம். எதுவுமே வராமல் சாஃப்ட்வேர் ஒரு லூப்பில் சுற்றிக்கொண்டிருப்பதை அலைவடிவத்தில் நானே பல மணி நேரம் பார்த்திருக்கிறேன். கோரிக்கை சிக்னல் இறங்கியே இருக்கும், சம்மதம் கடைசிவரை வராது.

இரண்டாவது வழி, பிளாக்குக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு காவல் சுற்றை வைப்பது. ஃபயர்வால் என்றும் ஐசொலேட்டர் என்றும் சொல்கிறார்கள். எத்தனை பர்ஸ்ட் போனது, எத்தனை முடிந்தது என்று இது எண்ணிக்கொண்டே இருக்கும். கதவை அடைக்கச் சொன்னதும் பிளாக்கைத் துண்டித்துவிட்டு, கடனைத் தானே அடைக்கும். மேலே சொன்ன 9 பீட்டை ரைட் ஸ்ட்ரோப் (எந்த பைட்டை எழுத வேண்டும் என்று காட்டும் பிட்கள்) எல்லாம் சுழியாக வைத்து அனுப்பும். பீட் கணக்கு சரியாகிவிடும், மெமரியில் ஒரு பைட்கூட மாறாது. வருகிற ரீட் பதில்களை வாங்கிக் கீழே போட்டுவிடும். பிளாக் பதில் சொல்ல வேண்டிய பக்கத்தில் இருந்தால், கேட்டவருக்குச் சரியான ஐடியோடு, சரியான பீட் எண்ணிக்கையோடு எரர் பதிலை இதுவே கொடுக்கும்.

இதற்கு விலை உண்டு. கவுண்டர்களும் ஐடி சேமிப்பும் வேண்டும். அனுப்புபவரின் வேலிட் சிக்னல் ஏறிவிட்டால் வாங்குபவரின் ரெடி வரும்வரை இறக்கக் கூடாது என்பதால், ஏறி நிற்கும் முகவரியைப் பிடித்துவைக்க ரெஜிஸ்டரும் வேண்டும். ஏஎக்ஸ்ஐ4-இல் ஒரு பர்ஸ்ட் 256 பீட் வரை போகலாம், கணக்கு அதற்குத் தாங்க வேண்டும். சாஃப்ட்வேர் பக்கமும் ஒரு கவனம் தேவை. ஆர்ம் ப்ராசஸரில் ரைட்டுக்கு வரும் எரர் பதில், தாமதமாக எஸ்எரராக, அதாவது எந்தக் கட்டளையால் வந்தது என்று சரியாகச் சொல்ல முடியாத பிழையாக, வரக்கூடும். லினக்ஸில் அது கர்னல் பேனிக்வரை, அதாவது சிஸ்டமே நின்றுவிடும் நிலைவரை, போகலாம். கதவை அடைக்கும் முன்பே டிரைவர் அந்த பிளாக்கைத் தொடுவதை நிறுத்தியிருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, பிளாக்கின் உள்வேலையை மட்டும் ரீசெட் செய்து, பஸ் இன்டர்ஃபேஸை உயிரோடு விடுவது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஒரே பிளாக்குக்குள் இரண்டு ரீசெட் டொமைன் (தனித்தனியாக ரீசெட் ஆகும் பகுதிகள்) வந்துவிடும். ஒத்திசைவற்ற ரீசெட் விழும்போது உள்ளே இருக்கும் ஃபிளாப்பின் (ஒரு பிட்டைப் பிடித்துவைக்கும் சுற்று) வெளியீடு கிளாக்கைப் பார்க்காமல் மாறும். அதை வாங்கும் இன்டர்ஃபேஸ் ஃபிளாப் ரீசெட்டில் இல்லாததால் மெட்டாஸ்டேபிள் ஆகலாம், அதாவது 0 என்றும் 1 என்றும் தீராமல் தடுமாறலாம். நடுவில் தடுப்பு வைத்தே ஆக வேண்டும். அப்படியானால் இதுவும் உள்ளே போட்ட ஃபயர்வால்தான். பிளாக்கை நீங்களே எழுதினால் யோசிக்கலாம். வெளியில் வாங்கிய பிளாக் என்றால் விட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் கார்டுகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸைப் பார்த்தால் இதே தேர்வு வேறு உருவில் இருக்கிறது. ஒரு ஃபங்ஷனை (கார்டுக்குள் தனிச் சாதனமாகத் தெரியும் பகுதி) மட்டும் ரீசெட் செய்ய எஃப்எல்ஆர் (ஃபங்ஷன் லெவல் ரீசெட்) உண்டு. பஸ்ஸில் தானாகக் கோரிக்கை அனுப்ப அனுமதிக்கும் பஸ் மாஸ்டர் பிட்டை அணைத்து, நிலுவையைக் காட்டும் பிட் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு தொடங்க வேண்டும்; 100 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. அதற்கு மசியாத கார்டுக்கு பிரிட்ஜ் வழியாக ரீசெட் உண்டு, ஆனால் அந்த பிரிட்ஜுக்குக் கீழே இருக்கும் எல்லாமே சேர்ந்து போகும்.

ஒன்றுதான் வைக்க இடம் இருக்கிறது என்றால் நான் ஃபயர்வாலையே வைப்பேன். இரண்டுக்கும் இடம் இருந்தால், முதலில் கேட்பது, குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் கதவை அடைப்பது. எப்படியானாலும் வரிசை ஒன்றுதான்: கதவை அடை, இன்டரப்ட் கம்பியை அமைதி நிலைக்குக் கொண்டுவா, நிலுவை சுழியாகும்வரை பார், கிளாக்கை நிறுத்து, ரீசெட்டைப் போடு. எழுப்பும்போது கிளாக்கை ஓடவிட்டு, ரீசெட்டை அந்த கிளாக்கோடு ஒத்திசைத்து விடுவி, சில சைக்கிள் கழித்துக் கதவைத் திற. கடைசி இரண்டையும் மாற்றிச் செய்தால், எழுந்துகொண்டிருக்கும் பிளாக்கின் தடுமாற்றம் பஸ்ஸில் ஒரு பொய் வேலிட்டாகப் போய் விழும்.