வீட்டுக்கு வெளியே கேமரா: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

எங்கள் வீட்டின் வெளிப்புறத்தில் கேமராக்கள் பொருத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. இதற்கிடையில் சிலவற்றை மாற்றியிருக்கிறோம், சிலவற்றை இடம் பெயர்த்திருக்கிறோம். புதிய கேமரா வாங்கியதால் கிடைத்த பலனைவிட, இருந்த கேமராவைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதால் கிடைத்த பலனே பெரிது. ஆகவே, புதிதாக வாங்க எண்ணுபவர்கள் வீட்டைப் பகலில் ஒரு முறையும் இருட்டிய பின் ஒரு முறையும் சுற்றி வந்து, எந்த இடத்தில் கேமரா எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. யாரேனும் உள்ளே வந்தார்களா என்பது ஒரு கேள்வி. வந்தவர் யார் என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே கேமராவை நம்புவது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும்.

எண்களைக் கொண்டு பார்த்தால் இது விளங்கும். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்னும் சர்வதேசத் தரநிலையின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல்கள் கிடைக்கின்றன என்பதையே அளவுகோலாகக் கொண்டது. ஓர் ஆள் இருக்கிறார் என்று கண்டறிய 25 பிக்சல், அறிமுகமானவரை இன்னார் என்று தெரிந்துகொள்ள 125, அறிமுகமே இல்லாத ஒருவரை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காண 250. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம் கொண்டது. எனவே 250 என்ற அளவு கிடைக்க, காட்சியின் அகலம் ஏறத்தாழ 7.7 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டுக் கேமராக்களில் பரவலாக வரும் 2.8 மி.மீ. லென்ஸ் 100 பாகைக்கு மேல் விரிந்து பார்ப்பதால், மூன்று மீட்டர் தொலைவிலேயே அந்த எல்லை வந்துவிடுகிறது. அதே கேமராவில் 6 மி.மீ. லென்ஸ் இருந்தால் காட்சி 50 பாகை அளவுக்குக் குறுகி, எட்டு மீட்டரில் நிற்பவரின் முகமும் பயன்படும் தரத்தில் கிடைக்கும். 2.8 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு 8 மெகாபிக்சலுக்குப் போனாலும் ஆறு மீட்டரை எட்டுவதே அரிது. மெகாபிக்சலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, லென்ஸின் அளவைப் பெட்டியின் ஓரத்தில் சிறிதாகத் தரும் வழக்கம் வாங்குபவருக்கு நியாயம் செய்வதில்லை.

இந்தக் கணக்கை வைத்தே வாயிற்கதவுக்கு 6 மி.மீ. லென்ஸும், வாகனம் நிறுத்தும் இடத்தையும் முற்றத்தையும் சேர்த்துப் பார்க்க 2.8 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறோம். கதவோ, படிக்கட்டின் அடியோ, பக்கவாட்டுச் சந்தோ, உள்ளே வருபவர் கடந்தே ஆக வேண்டிய குறுகலான இடம் எதுவோ, முகத்துக்கான கேமரா அங்கேதான் இருக்க வேண்டும். உயரம் இரண்டரை முதல் மூன்று மீட்டர் போதுமானது. கைக்கு எட்டக் கூடாது என்று மாடி விளிம்பில் பொருத்தினால், பதிவில் தலையும் தொப்பியும் இருக்கும், முகம் இருக்காது. உடைத்துவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தால், பலமான அடியையும் தாங்கும் ஐகே10 தரமுள்ள கேமராவைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு கேமராவும் இன்னொன்றின் பார்வைக்குள் வருமாறு அமைப்பதே நல்ல தீர்வு.

வாங்கும்போது நாம் பார்ப்பது பகல் காட்சியை, ஆனால் நமக்குத் தேவைப்படுவது இரவுக் காட்சி. அகச்சிவப்பு விளக்குள்ள கேமராவைச் சுவரையோ சன்ஷேடையோ ஒட்டிப் பொருத்தினால், பக்கத்துப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு ஏற்பக் கேமரா தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும், தொலைவில் நிற்பவர் இருளில் மறைந்துவிடுவார். சுவர் படத்தின் விளிம்பில்கூட வராதபடி திருப்பி வைத்தால் இக்குறை நீங்கிவிடும். லென்ஸின் முன்னே சிலந்தி இழுக்கும் ஒற்றை இழைகூட அகச்சிவப்பு ஒளியில் வெண்பட்டையாகத் தெரிந்து, இரவெல்லாம் பொய் எச்சரிக்கை அனுப்பும். மென்மையான துணியால் அவ்வப்போது துடைப்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. அதைவிட முக்கியமானது அசைவு. இருட்டில் ஒளி சேர்ப்பதற்காக ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுபவர், 1/30 நொடிக்குள் 10 செ.மீ. நகர்ந்துவிடுவதால் முகம் இழுபட்டுப் போகிறது. வாயிலில் ஒரு மிதமான விளக்கு இரவு முழுவதும் எரிவது, மெகாபிக்சலை இரட்டிப்பாக்குவதைவிட மிகுந்த பயன் தருகிறது.

பேட்டரியில் இயங்கும் கேமராக்கள் பெரும்பாலும் உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் சென்சாரை நம்பியவை. அது குறுக்கே கடப்பவரை எளிதில் கண்டுகொள்ளும், நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகவே உணரும். எனவே நடைபாதைக்கு நேர் எதிரே வைக்காமல், பக்கவாட்டில் வைப்பது நல்லது. சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் நேரங்களிலும் அதன் திறன் குறையும்.

வைஃபையைவிடக் கேபிளையே நான் பரிந்துரைக்கிறேன். பிஓஇ முறையில் ஒரே கேபிள் மின்சாரத்தையும் காட்சியையும் 100 மீட்டர் வரை கொண்டுசெல்லும். ரெக்கார்டரோடு, கேபிளுக்கு மின்சாரம் தரும் பிஓஇ கருவியையும் யூபிஎஸ்ஸில் இணைத்துவிட்டால் மின்வெட்டிலும் பதிவு தொடரும். தூசியும் நீரும் புகாத தன்மையைக் குறிக்கும் ஐபி66, ஐபி67 போன்ற தரங்கள் கேமராவின் உடலுக்கே பொருந்தும், மழைநீர் புகுவது பெரும்பாலும் கேபிள் இணைப்பில்தான். இணைப்பைப் பெட்டிக்குள் வைத்து, கேபிள் சுவரில் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். நொடிக்கு 4 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதியும் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 ஜிபி தேவை. நான்கு கேமராக்களுக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க் 23 நாட்களுக்குப் போதும். ரெக்கார்டரை வரவேற்பறையில் வைக்காமல் பூட்டிய அலமாரிக்குள் வைக்க வேண்டும், அதன் கடிகாரம் இணைய நேரத்துடன் தானாகச் சரிசெய்துகொள்ளுமாறு அமைக்க வேண்டும்.

தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். 2016ஆம் ஆண்டு மிராய் என்னும் தீநிரல், அப்படி மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பெரும் எண்ணிக்கையில் கைப்பற்றியே இணையத் தாக்குதல்களுக்குப் பயன்படுத்தியது. அண்டை வீட்டின் சன்னலோ முற்றமோ படத்தில் விழுந்தால், கேமராவைத் திருப்ப இயலாத இடத்தில் அப்பகுதியை மறைக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களின் அமைப்புகளிலேயே இருக்கிறது. நாங்கள் அதைப் பயன்படுத்தி, மறைத்த பின் கிடைக்கும் காட்சியை அண்டை வீட்டாரிடமே திரையில் காட்டிவிட்டோம்.