எச்சரிக்கை: தூண்டில் கோலின் பூச்சைச் சரிசெய்யக் கொடுத்து 2,400 ரூபாயோடு கோலையும் இழந்தேன்

நேற்று மாலை கொடுமுடிக்கு அருகே காவிரிக் கரையில் என் ஏழடி கார்பன் தூண்டில் கோல் இரண்டாக முறிந்தது. மீன் எதுவும் மாட்டியிருக்கவில்லை, வீசும்போதே முறிந்தது. அதைப் பழுதுபார்க்க 2,400 ரூபாய் வாங்கிய கடையின் பெயரை நான் எழுதவில்லை. கோவையில் தூண்டில் சாமான்கள் விற்று, பழுதும் பார்த்துத் தரும் கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சீட்டு எடுத்த பணத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கோல் அது. தூண்டில் நரம்பு செல்லும் வளையங்களை நூலால் கோலோடு சுற்றி, அதன்மேல் கண்ணாடி போல் எபாக்ஸி (பிசினும் கெட்டிப்பானும் கலந்து இறுகும் பூச்சு) பூசியிருப்பார்கள். கோல் வளையும்போது வளையத்தின் உலோகக் கால் வளையாது என்பதால், அந்தக் கால் முடியும் இடத்தில்தான் பூச்சு முதலில் வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கினால் கால் துருப்பிடித்து நூலும் நைந்துவிடும். என் கோலில் மூன்று வளையங்கள் அந்த நிலையில் இருந்தன.

கடைக்காரர் கோலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒரு சிறிய மோட்டாரில் வேறொருவருடைய கோல் மெதுவாகச் சுழன்று காய்ந்துகொண்டிருந்ததை அழைத்துச் சென்று காட்டினார். "பழைய பூச்சு, நூல் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு, புதுசாச் சுத்தி ரெண்டு கோட்டு போட்டுத் தர்றனுங்கண்ணா, கவலையே வேண்டாமுங்க" என்றார். அந்த மோட்டாரைப் பார்த்ததும்தான் நான் நம்பினேன். பூச்சு ஒரு பக்கமாக வழியாமல் இருக்கக் கோல் சுழன்றுகொண்டே காய வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அது தெரிந்தவர் வேலையும் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று எண்ணி, ரசீதுகூடக் கேட்காமல் முழுத் தொகையான 2,400 ரூபாயையும் அங்கேயே ரொக்கமாகக் கொடுத்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஈரோட்டிலிருந்து மறுபடியும் பேருந்தில் போய் வாங்கி வந்தேன். வீட்டில் உறையைக் கழற்றியபோது துணியின் இழைகள் பூச்சில் ஒட்டிக்கொண்டு வந்தன. நகத்தை வைத்தால் தடம் பதிந்தது. இரண்டு வளையங்களில் பழைய வெடிப்பு புதுப் பூச்சுக்கு அடியில் வெள்ளைக் கோடாக அப்படியே தெரிந்தது. மூன்றாவதில் மட்டும் நூலை மாற்றியிருந்தார்கள்; அங்கும் பூச்சு ஒரு பக்கமாக வழிந்து சொட்டுப் போல உறைந்திருந்தது.

தொலைபேசியில் கேட்டதற்கு, "வெயில்ல வைங்கண்ணா, இறுகிடும்" என்றார்கள். பிசினும் கெட்டிப்பானும் சரியான அளவில் கலக்கப்படாத எபாக்ஸி எத்தனை வெயிலில் வைத்தாலும் முழுமையாக இறுகாது. அதை நான் சொன்னதும் முதலாளி வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். ஒரு வாரம் வெயிலில் வைத்தும் பிசுபிசுப்பு போகவில்லை. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையாவது வீசிப் பார்ப்போம் என்றுதான் நேற்று கொடுமுடிக்குப் போனேன்.

முறிந்த இடம் அவர்கள் நூல் மாற்றிய அதே வளையத்தின் அடி. முனையைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: ஒரு பக்கம் கார்பன் இழைகள் தேங்காய் நார் போலப் பிய்ந்து நின்றன, மறுபக்கம் நூல் சுற்றிய விளிம்பையொட்டி நேராக, வழுவழுப்பாக ஒரு வெட்டு. பூச்சை இளஞ்சூட்டில் இளக்கி உரிக்காமல் பிளேடைக் கோல்வரை அழுத்தி அறுத்திருக்கிறார்கள். படம் எடுத்து அனுப்பினேன். "பெரிய மீன இழுத்திருப்பீங்கண்ணா" என்று ஒரே ஒரு பதில் வந்தது. இன்று காலையிலிருந்து என் எண்ணிலிருந்து அழைப்பே போகவில்லை. 2,400 ரூபாயைத் திருப்பித் தரும் பேச்சை அவர்கள் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். பணம் கொடுத்ததற்கு ரசீது இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். என்னிடம் இல்லை.

கோலைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு வளையத்தையும் அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன வேலை செய்யப்போகிறார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே பூச்சில் நகத்தை வைத்துப் பாருங்கள். தடம் பதிந்தால் கோலை அங்கேயே விட்டுவிட்டுப் பணத்தைக் கேளுங்கள்.