ரொக்கக் கணக்கா, மெர்கன்டைல் கணக்கா?

கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 2013 கம்பெனிகள் சட்டப்படி, பில் தேதியை வைத்து எழுதும் மெர்கன்டைல் முறைதான், அதுவும் இரட்டைப் பதிவில் (ஒவ்வொன்றையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதுவது). தனி ஆள் நடத்தும் தொழிலுக்கும் பார்ட்னர்ஷிப்புக்கும் வருமான வரிச் சட்டம் இரண்டில் எதையும் அனுமதிக்கிறது. எடுத்த முறையை வருஷா வருஷம் மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் எங்கள் அச்சகம் மெர்கன்டைலுக்கு மாறிவிட்டது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

ரொக்க முறையில் பணம் வந்தால் வரவு, போனால் செலவு. நோட்டும் பேனாவும் போதும். மெர்கன்டைலில் பில் போட்ட தேதியிலேயே வருமானம். பணம் எப்போது வந்தாலும் சரி.

எங்களுக்கு ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும், அப்புறம் ஆர்டர். ஒரு பார்ட்டிக்கு 2 லட்சத்துக்கு வேலை என்று வையுங்கள். செப்டம்பரில் 50,000 அட்வான்ஸ்; காகிதம், அச்சு எல்லாமாக 1,40,000 செலவு. நவம்பரில் சரக்கும் பில்லும் போகும். மீதி 1,50,000 பொங்கல் கழித்து, பிப்ரவரியில். ரொக்கக் கணக்கில் செப்டம்பர் 90,000 நஷ்டம், பிப்ரவரி 1,50,000 லாபம். இரண்டுமே பொய். மெர்கன்டைலில் அட்வான்ஸ் நாம் தரவேண்டிய கடனாகவும், காகிதம் சரக்கிருப்பாகவும் நிற்கும். நவம்பரில் 60,000 லாபம் தெரியும்.

ஆனால் நான் மாறியதற்குக் காரணம் லாபக் கணக்கு அல்ல, பாக்கி. ரொக்க நோட்டில் வராத பணத்துக்குப் பதிவே கிடையாது. யார் எவ்வளவு தரவேண்டும் என்பது முதலாளியின் தலைக்குள்ளோ பில் புத்தகத்தின் அடிக்கட்டையிலோதான் இருக்கும். மெர்கன்டைலில் பில் போட்டதுமே அது பார்ட்டி பெயரில் ஏறிவிடும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில்வாரியாகப் பார்த்தால் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பாக்கி வயதுவாரியாக வரிசைகட்டி நிற்கும். வசூலுக்குப் போகிற பையன் கையில் அந்தத் தாளைக் கொடுத்தால் போதும். “அண்ணாச்சி, நவம்பர் பில்லு இன்னும் நிக்குது” என்று தேதியோடு கேட்பான். சி.சி. லிமிட் (தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கேஷ் கிரெடிட் கடன்) தரும் பேங்கும் இதே பட்டியலைத்தான் கேட்கிறது. எவ்வளவு கடன் தரலாம் என்று பார்க்கும்போது 90 நாள் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பணம் வராமலே வரி கட்ட வேண்டுமே என்பார்கள். வருமான வரியில் அது உண்மைதான். ஆனால் சரக்கு விற்பவருக்கு ஜி.எஸ்.டி. எப்படியும் பில் தேதியை வைத்துத்தான்; ரொக்க நோட்டு எழுதினாலும் அது தப்பாது.

மெர்கன்டைலின் நிஜமான ஆபத்து வேறு: ஏட்டில் லாபம் இருக்கும், சனிக்கிழமை கூலிக்குப் பணம் இருக்காது. அதனால் தினசரி ரொக்கப் புத்தகத்தை நாங்கள் விடவில்லை. பங்கு வாங்குகிறவர்களும் லாப நஷ்டக் கணக்கோடு நிற்காமல் பணப்புழக்க அறிக்கையைப் புரட்ட வேண்டும். லாபம் ஏறி, கூடவே பாக்கியும் ஏறி, தொழிலிலிருந்து வரும் ரொக்கம் மட்டும் இறங்கினால் அந்தப் பங்கில் எனக்கு நம்பிக்கை வராது.

டாக்டர், டியூஷன் மாதிரி கையோடு காசு வாங்கும் தொழில்களில் எனக்குப் பழக்கமில்லை. கடனே கொடுக்காத இடத்தில் ரொக்க முறையே போதும் என்றுதான் தோன்றுகிறது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.