"கப்பலில் அனுமதி உண்டு" என்று விற்கும் காபி மேக்கர்: வாங்கி ஏமாந்தவன் எழுதுகிறேன்

கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, அறையிலேயே நல்ல காபி போட்டுக்கொள்ள ஏதாவது கருவி கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். "க்ரூஸ் கப்பலில் அனுமதி உண்டு, 3 நிமிடத்தில் காபி" என்ற விளம்பரத்தை நம்பி பேட்டரியில் ஓடும் காபி மேக்கர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஏழு இரவுப் பயணத்தில் அது ஒரு நாள்கூட என் அறைக்கு வந்து சேரவில்லை. பணமும் இன்னும் திரும்பவில்லை.

நான் அதை வாங்கியது அம்மாவுக்காக. அவருக்கு முழங்கால் வலி. விடிகாலை ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும், வந்ததும் காபி வேண்டும். அந்த நேரத்தில் நீளமான நடைகூடத்தைக் கடந்து, லிஃப்ட் பிடித்து, பஃபே இருக்கும் மேல்தளத்துக்கு நடந்து போக அவரால் முடியாது. படுக்கையை விட்டு எழுந்ததும் கையில் ஒரு நல்ல காபி கொடுக்க வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

வாங்கும் முன் விற்பவரிடம் சாட்டில் தெளிவாகவே கேட்டேன். கப்பலில் கெட்டிலுக்குத் தடை என்கிறார்களே, இதற்கு இல்லையா என்று. உடனே பதில் வந்தது: "சார், பிளக்கில் சொருகும் பொருளுக்குத்தான் தடை. இது பேட்டரி. தைரியமாகக் கொண்டு போங்கள், நிறைய பேர் கொண்டு போயிருக்கிறார்கள்." கூடவே இலவசமாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அனுப்புவதாகச் சொன்னார்கள், மின்னழுத்தம் திடீரென எகிறினால் காக்கும் சர்ஜ் புரொடெக்டர் வைத்தது. கப்பல் அறையில் பிளக் பாயிண்ட் குறைவு, உதவும் என்றார்கள். எனக்கும் அது நல்ல விஷயமாகவே பட்டது.

கப்பலில் ஏறிய அன்று மாலை எல்லா அறை வாசலிலும் பெட்டிகள் வந்து இறங்கின. அம்மாவின் பெட்டி வந்தது. என்னுடையது வரவில்லை. கப்பல் புறப்பட்டு ஒரு மணி நேரம் கழித்து, பாதுகாப்புப் பிரிவுக்கு வந்து பெட்டியைப் பெற்றுக்கொள்ளும்படி ஒரு சீட்டு வந்தது.

கீழ்த்தளத்தில் ஒரு சிறிய அறை. நீள மேசையில் இஸ்திரிப் பெட்டிகள், கெட்டில்கள், துணிக்கு ஆவி பிடிக்கும் கருவி, தண்ணீர் சூடாக்கும் ராடு, மெழுகுவர்த்தி, சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயர்கள் என்று வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அறை எண் எழுதிய அட்டை. என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி காபி மேக்கரை எடுத்து, மூடியைக் கழற்றி, உள்ளே அடியில் இருந்த உலோகத் தகட்டை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது சூடாகுமா?"

"ஆகும். ஆனால் பேட்டரிதான்."

பதில் பேசாமல் ஒரு தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தார். தடைப் பட்டியல். சூடாக்கும் கம்பிச்சுருள் உள்ள எந்தச் சாதனமும் கூடாது என்று ஒரே வரி. பிளக் என்றும் இல்லை, பேட்டரி என்றும் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குத் தனியாக ஒரு வரி இருந்தது. இரண்டுக்கும் அட்டை கட்டி, பாதியைக் கிழித்து என் கையில் கொடுத்தார். பயணம் முடிந்து இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதே பட்டியல் என் புக்கிங் மெயிலோடும் வந்திருந்தது என்பதை அறைக்குத் திரும்பி மெயிலைத் தேடியபோதுதான் பார்த்தேன்.

எனக்குக் கப்பல்காரர்கள் மேல் கோபம் இல்லை. நடுக்கடலில் தீப்பிடித்தால் வெளியிலிருந்து தீயணைப்பு வண்டி வராது. கப்பலில் இருப்பவர்களேதான் அணைத்தாக வேண்டும். 2006 மார்ச்சில் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் பற்றிய தீ, பக்கத்துப் பால்கனிகளுக்குத் தாவி நூற்றுக்கணக்கான அறைகளைப் பாழாக்கியது. புகையில் ஒரு பயணி இறந்தார். அணையாத சிகரெட் ஒன்றுதான் காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. ஒரு சிகரெட் துண்டுக்கே அந்தக் கதி என்றால், ஆயிரக்கணக்கான பயணிகள் ஆளுக்கொரு கெட்டிலை, எங்கே செய்தது என்றே தெரியாத கருவியைக் கொண்டு வந்து தூக்கக் கலக்கத்தில் சூடாக்க விட முடியுமா?

இலவச எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இதைவிட மோசம். வீட்டு மின்இணைப்பில் ஒரு ஒயர் நியூட்ரல், அது நிலத்தோடு இணைந்திருக்கும். பல கப்பல்களில் அப்படிக் கிடையாது, இரண்டு ஒயரிலுமே மின்னழுத்தம் இருக்கும். வீட்டுக்காகச் செய்த சர்ஜ் புரொடெக்டர் அங்கே கோளாறு வந்தால் ஒரு பக்கத்தை மட்டும் துண்டித்துவிட்டு, தானே சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 2013-லேயே இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. அதைத்தான் "கப்பலுக்கு உதவும்" என்று சொல்லி என் தலையில் கட்டினார்கள். வயதான அம்மா படுத்திருக்கும் அறையில் அதைச் சொருகியிருப்பேனே என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

பயணம் முடிந்து கருவி கைக்கு வந்ததும் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். வாங்கியபோது அவர்கள் வீடியோவில் காட்டியபடி ஏற்கெனவே கொதித்த நீரை ஊற்றித்தான் பார்த்திருந்தேன், அதனால் சந்தேகமே வரவில்லை. இந்த முறை 25 டிகிரியில் இருந்த தண்ணீர் 200 மில்லி ஊற்றி, சமையல் வெப்பமானியை உள்ளே விட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நிமிடத்தில் விரல் வைக்கும் சூடு. இருபது நிமிடம் தாண்டி 71 டிகிரிக்கு வந்தபோது பேட்டரி தீர்ந்து சிவப்பு விளக்கு எரிந்தது.

அது அப்படித்தான் ஆகும். 200 மில்லி தண்ணீரை 25-லிருந்து காபிக்கு வேண்டிய 93 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 57,000 ஜூல் வேண்டும். மூன்று நிமிடத்தில் ஆக வேண்டுமானால் 300 வாட்டுக்கு மேல். கருவியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் 7.4 வோல்ட், 2,600 எம்ஏஎச் (அதாவது 2.6 ஆம்பியர்-மணி) என்று இருந்தது. 7.4-ஐ 2.6-ஆல் பெருக்கினால் 19 வாட்-மணி, முழு சார்ஜில் பேட்டரி தரக்கூடிய ஆற்றல் அவ்வளவுதான். அந்த 57,000 ஜூலுக்கே கிட்டத்தட்ட 16 வாட்-மணி போய்விடும், வெப்பம் வெளியே கசிவது தனிக்கணக்கு. முழு சார்ஜில் ஒரு கப்பே தேறாது. சாதாரண யூஎஸ்பி சார்ஜரில் நேரடியாகச் சூடாகும் என்று விற்கிறார்களே, அதற்கும் இதே கணக்குதான்: 10 வாட்டில் ஒரு கப்புக்கு ஒன்றரை மணி நேரம், அதுவும் ஒரு துளி வெப்பம்கூட வீணாகாவிட்டால். எந்தக் கருவியானாலும் அடியில் உள்ள எண்களைப் பெருக்கிப் பாருங்கள். பெட்டி மேல் அச்சடித்த நிமிடக் கணக்கை நம்பாதீர்கள்.

டிக்கெட் போட்டுக் கொடுத்தவரும் தன் பங்குக்கு "ரூமிலேயே காபி மெஷின் இருக்கும் சார்" என்று சொல்லியிருந்தார். அவர் காட்டிய படம் 'சூட்' எனப்படும் பெரிய சொகுசு அறையின் படம். நாங்கள் எடுத்த சாதாரண அறையில் ஒரு தண்ணீர் ஜாடியும் இரண்டு கண்ணாடித் தம்ளரும் இருந்தன. சில கப்பல்களில் கெட்டில் நிஜமாகவே வைத்திருப்பார்கள். பி அண்ட் ஓ, குனார்ட் போன்ற பிரிட்டிஷ் பழக்கமுள்ள நிறுவனங்களில் அது வழக்கம். கப்பலே வைத்திருக்கும் கெட்டிலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உங்கள் அறை வகையில் அது உண்டா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இரவு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுப்பா, வெந்நீர் கிடைச்சா போதாதா, தூள்தான் நம்மகிட்ட இருக்கே" என்றார் அம்மா. அந்த ஒரு பேச்சில்தான் வழி திறந்தது.

அறையைப் பராமரிக்கும் தம்பியிடம் கேட்டேன். தினமும் விடிகாலை ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு வந்து வைப்பதாகச் சொன்னார், சொன்னபடி செய்தார். முதல் நாள் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 78 டிகிரி. குளிர்ந்த ஃபிளாஸ்க்கில் ஊற்றினால் பாத்திரமே சூட்டை இழுத்துக்கொள்ளும். முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, குலுக்கிக் கொட்டிவிட்டு, பிறகு நிரப்பிக் கொண்டு வரும்படி கேட்டுக்கொண்டேன். மறுநாள் 88. குளியலறைக் குழாயில் வரும் சூடான நீரை இதற்கு எடுக்காதீர்கள், அது காபிக்கான சூடே இல்லை.

வடிகட்ட என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் காபித் தரம் பார்க்கும் தொழில்காரர்கள் ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்துக்கொண்டுதான் உலகத்துக் காபியை எல்லாம் எடைபோடுகிறார்கள். 150 மில்லி நீருக்கு 8 கிராமுக்குச் சற்று மேல் தூள் என்பது அவர்கள் கணக்கு. அதையே செய்தேன். தம்ளரைச் சூடு நீரில் கழுவி, 11 கிராம் கரகரப்பான தூள் போட்டு, 200 மில்லி நீர் ஊற்றினேன். தூள் மேலே எழும்பி ஒரு ஏடு போல மூடிக்கொள்ளும். நான்கு நிமிடம் தொடக் கூடாது. பிறகு கரண்டியின் முதுகால் அந்த ஏட்டை மெல்ல உடைக்க வேண்டும். உடையும் அந்த நொடியில் அறை முழுக்க வாசனை. படுத்திருந்த அம்மா எழுந்து உட்கார்ந்தது அதற்குத்தான். மேலே மிதக்கும் நுரையை வழித்துவிட்டு இன்னும் நான்கைந்து நிமிடம் விட்டால் தூள் அடியில் படிந்துவிடும். அசைக்காமல் வேறு தம்ளருக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்தக் காத்திருப்பில் குடிக்கும் பதத்துக்குச் சூடும் ஆறிவிடும். பால் வேண்டுமானால் முந்தைய இரவே கேட்டு வைத்துவிடுங்கள்.

கையோடு கொண்டு போவதென்றால், கையால் அழுத்தி வடிக்கும் ஏரோபிரஸ் நல்லது. ஆலன் ஆட்லர் என்பவர் உருவாக்கி 2005-ல் வெளிவந்தது. பிளாஸ்டிக், எடை குறைவு, சூடாக்கும் சுருள் கிடையாது, பேட்டரி கிடையாது. கொதிக்கும் நீர் வேண்டாம், 80 டிகிரி போதும் என்று அதன் தொடக்ககாலக் கையேடே சொன்னது. ஃபிளாஸ்க் வெந்நீருக்கு இதைவிடப் பொருத்தமாக வேறொன்று இல்லை. கையால் சுற்றும் அரவைக் கருவியும் அப்படித்தான், அதில் சூடாக எதுவும் இல்லை. இரண்டில் எதுவானாலும் புறப்படும் முன் உங்கள் கப்பலின் பட்டியலை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கப்பலில் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் கொடுக்கிறார்கள், கிருமி வராமல் இருக்கக் குளோரினும் சேர்ப்பார்கள். குடிக்கப் பாதுகாப்பானது. ஆனால் தாது உப்புகள் குறைவாக இருந்தால் காபி சப்பென்று இருக்கும், குளோரின் வாசனையும் லேசாக மேலெழும். அதனால் கடைசி மூன்று நாள் பாட்டில் தண்ணீரில் குளிர்காபி ஊறவைத்தேன். அரை லிட்டருக்கு 60 கிராம் கரகரப்பான தூள், மினி ஃபிரிட்ஜில் பதினான்கு மணி நேரம். விடிகாலையில் சுத்தமான துணியில் வடித்து, பாதிக்குப் பாதி வெந்நீர் சேர்த்தால் புளிப்பு இல்லாத மென்மையான காபி. அம்மாவுக்கு அதுவே பிடித்துப்போய்விட்டது.

பணத்தின் கதை பாக்கி. விற்பவரிடம் கேட்டால், திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது, பொருளில் பழுது எதுவும் இல்லை, அடுத்த முறை வாங்கத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். விளம்பரப் பக்கத்தில் இருந்த "க்ரூஸ் அனுமதி" என்ற வரியை அதற்குள் எடுத்திருந்தார்கள். நல்லவேளையாக அந்தப் பக்கத்தையும் சாட் உரையாடலையும் வாங்கிய அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். தடைச் சீட்டின் பாதி அட்டையும் கையில் இருந்தது. மூன்றையும் வைத்து, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள் என்று என் கார்டு வங்கியில் புகார் கொடுத்தேன். இதற்குக் கால வரம்பு உண்டு, அதனால் நீங்கள் ஏமாந்திருந்தால் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகச் செய்துவிடுங்கள். வங்கி புகாரை ஏற்று விற்பவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறது.

நேற்று அந்தக் கடையை மறுபடி பார்த்தேன். அதே கருவி வேறு நிறத்தில், வேறு பெயரில் வந்திருக்கிறது. "பயணத்துக்கு ஏற்றது" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், கப்பல் என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் முதல் படத்தில், காபி மேக்கருக்குப் பின்னால், வட்ட ஜன்னலும் கடலும் தெரிகின்றன.