தோட்டத்துக் குருவிகளை எண்ண எது தோது: பொங்கலா, பிப்ரவரியா, வாராவாரமா?

கிருஷ்ணகிரி பக்கம் வீட்டைச் சுற்றி நாலு மாமரமும் ஒரு முருங்கையும் இருந்தால் போதும், மார்கழி தொடங்கி மாசி வரைக்கும் பறவைக்குப் பஞ்சமே இல்லை. அவற்றை எந்தக் கணக்கெடுப்பில் சேர்ந்து எண்ணுவது என்பதில்தான் ஆளாளுக்கு ஒரு கட்சி.

2015-இலிருந்து நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுக்கென்றே வந்தது. பிப்ரவரியில் வருகிற உலகக் கொல்லைப்புறக் கணக்கெடுப்பு 1998-இல் வட அமெரிக்காவில் தொடங்கி 2013-இல் எல்லா நாட்டுக்கும் திறந்துவிட்டது. இரண்டும் நான்கு நாள், குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். விதி ஒன்றுதான், நாள்தான் வேறு. ஆனால் நம் ஊரில் அந்த நாள்தான் எல்லாமே.

பொங்கலுக்கு வீடு நிறைய ஆள் இருக்கும். பிள்ளைகளை உட்கார வைத்துக் காக்கை, மைனா எண்ணச் சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடையாது. ஆனால் மைக்செட் பாட ஆரம்பித்து, எருது விடும் விழாவுக்குக் கூட்டம் கிளம்பிவிட்டால் கதை முடிந்தது. பனி விலகி வெளிச்சம் வந்ததும் ஏழு மணிவாக்கில் எண்ணி முடித்துவிட வேண்டும். பிப்ரவரியில் அந்தத் தொல்லை இல்லை, மாமரமெல்லாம் பூத்துப் பூச்சி மொய்க்கும், வடக்கிலிருந்து வந்த கதிர்க்குருவிகள் கிளை கிளையாகத் தாவி மேயும். பக்கத்துத் தோப்பில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடித்திருந்தால் மட்டும் மரம் வெறிச்சென்று கிடக்கலாம். அதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் குருவியே குறைந்துபோச்சு என்று பின்னால் யாராவது கிளப்பிவிடுவார்கள். பறவைக்குப் பிப்ரவரி, மனிதருக்குப் பொங்கல், அவ்வளவுதான்.

எண்ணுகிற முறையிலும் ஒரு போட்டி உண்டு. இங்கிலாந்தில் 1979 முதல் ஜனவரிக் கடைசியில் தோட்டப் பறவைகளை எண்ணுகிறார்கள்: ஒரு மணி நேரம், தரையிலோ மரத்திலோ வந்து இறங்கியவை மட்டும், ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். செம்பருத்திக்கு ஒரு ஜோடித் தேன்சிட்டு எட்டு முறை வந்து போனாலும் கணக்கு இரண்டுதான். நம் வீட்டுத் தோட்டத்துக்கு இது கச்சிதம். ஆனால் அதன்படியே போனால் தலைக்கு மேல் கூட்டமாய்ப் பறந்துபோகிற கிளிகள் கணக்கிலேயே வராது. குண்டுக்கரிச்சான் ஆண் கருப்பும் வெள்ளையுமாக ஒரு பக்கம் வந்துவிட்டுப் போய், பத்து நிமிடம் கழித்துச் சாம்பல் நிறப் பெண் வந்தாலும் ஒன்றுதான் எழுத வேண்டியிருக்கும், கண்ணெதிரே இரண்டு பறவை வந்திருந்தும். இ-பேர்டில் இந்தக் கட்டாயம் இல்லை. எத்தனை தனித்தனிப் பறவை என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை எழுதலாம், பறந்து போனதையும் சேர்க்கலாம். நான் இரண்டையும் கலந்துதான் எண்ணுவேன்: ஒரே சமயத்தில் கண்ட அதிகபட்சம், நிறத்தால் வேறு என்று தெரிந்தால் அதையும் கூட்டிக்கொள்வேன்.

இதெல்லாம் இருந்தாலும் என் ஓட்டு வாராவாரக் கணக்குக்குத்தான். ஞாயிறு காலை அதே திண்ணை, அதே 15 நிமிடம், அக்டோபர் முதல் மார்ச் வரை. பழுப்புக் கீச்சான் எந்த வாரம் வந்து வேலிக்கம்பியில் உட்கார்ந்தது, மாங்குயில் எப்போது காணாமல் போனது என்பதெல்லாம் நான்கு நாள் திருவிழாவில் பிடிபடாது. பொங்கலும் பிப்ரவரியும் இந்த வரிசையில் தானாகவே வந்துவிடும், பட்டியல் போகிற இடம் ஒன்றுதானே. போரடிக்கும், உண்மைதான். அப்போதுதான் காக்கையை விட்டுவிட்டு அபூர்வமானதை மட்டும் எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் அது முழுப் பட்டியல் ஆகாது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையும் அதில் இருக்க வேண்டும்.

அப்புறம் குரலைக் கேட்டுப் பேர் சொல்கிற மெர்லின் செயலி. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது வல்லூறு என்று சொன்னதும் எழுதிவிட வேண்டாம். இரட்டைவால் கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும். மின்கம்பியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.